எண்ணெய் குடித்த ரப்பரும் எட்டு மஞ்சள் புஷ்ஷும்

அன்றைக்கு நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளை கராஜில் இருந்தவர்கள் நான்கு பேர். கராஜ் முதலாளி ரசாக் நானா, மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலில். தோட்டத்து டிஸ்பென்சர் சிவஞானம் ஐயா, கையில் குடையோடு, உட்காராமல். எங்கள் தேயிலை ஃபெக்டரியின் ஃபிட்டர் மாணிக்கம் அண்ணன், பெஞ்சில் சாய்ந்தபடி. பிறகு நான், காருக்கு அடியில். கடைத்தெருவில் பாதிப் பேர் அங்கே நின்று வேடிக்கை பார்த்ததாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். இல்லை. நாலு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை, எண்பத்திரண்டாம் வருடம் தை மாதம். நான் மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகவில்லை.

அந்த நாலு பேருக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

1. ஆறு மாதம் தாங்காத ரப்பர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினைந்து வயதில் கராஜில் சேர்ந்தேன். எனக்கு ஒரு குணம் உண்டு, அதை மறைத்து என்ன பயன். ஒரு நட்டை இறுக்கினால் ஒருதடவை போதாது. மறுபடியும் ஸ்பனர் போட்டுப் பார்ப்பேன். வீட்டுக்குப் பாதித் தூரம் நடந்தபின், இறுக்கினேனா இல்லையா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ரசாக் நானா சிரிப்பார். "அந்தோனிக்கு ரெண்டு சம்பளம் குடுக்கோணும், செய்ற வேலைக்கு ஒண்டு, பயப்புடுற வேலைக்கு ஒண்டு" என்பார்.

டிஸ்பென்சர் ஐயாவிடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் இருந்தது. ஐயா யாழ்ப்பாணத்தார். தோட்டத்து மருந்துச்சாலைக்குப் பொறுப்பு. அந்தக் கார் அவருடைய சொந்தக் கார்தான், ஆனால் தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் அதுதான் அம்புலன்ஸ். பிரசவ நோவு கண்ட பெண்ணை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழி, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிதான்.

அந்தக் காரின் முன்பக்கம் மூன்றாவது தடவையாக ஆட ஆரம்பித்திருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை ஒன்று இருக்கிறது, நாங்கள் லோவர் ஆர்ம் என்போம். அது சேஸியோடு சேரும் இடத்திலும், அதை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் டை ரொட்டின் முனையிலும் ரப்பர் புஷ் இருக்கும். பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. இரும்பும் இரும்பும் முட்டாமல் இருப்பதற்கான ரப்பர் வளையம், அவ்வளவுதான். ஆனால் அது போனால் பிரேக் பிடிக்கிற நேரம் சக்கரம் பின்னுக்குப் போகும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். எங்கள் ரோட்டில் ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் ஒன்றுமில்லை.

மற்றக் கார்களில் ரப்பர் நாலைந்து வருடம் ஓடும். இதில் ஆறு மாதம் தாங்கவில்லை. இரண்டு செட் மாற்றிவிட்டேன். கழற்றிப் பார்த்தால் பழுத்த வாழைப்பழம் மாதிரி விரலில் ஒட்டும்.

"ஜாமான் சரில்ல அந்தோனி. இப்ப வாற ஜாமான் எல்லாம் இப்பிடித்தான்" என்றார் ரசாக் நானா.

ஐயா கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். "வித்துப்போடுவம் எண்டு யோசிக்கிறன். ஆளை ஏத்திக்கொண்டு போகேக்க சில்லு கழண்டா நான் என்ன பதில் சொல்லுறது?" என்றார் அமைதியாக.

அவர் காரை விற்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி ரோசலின் அப்போது ஏழு மாதம். மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறைதான் எங்கள் காம்பரா. முதல் பிரசவத்துக்கு அவளைக் கொழுந்து லொறியில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். சாக்கை விரித்துப் படுக்க வைத்தோம். ஐயாவின் கார் அன்றைக்கு வேறொரு ஆளோடு போயிருந்தது. ரோட்டு முழுக்கக் குழி. அந்தப் பிள்ளை தங்கவில்லை. லொறியால்தான் என்று டொக்டர் சொல்லவில்லை. ஆனால் நான் அந்த லொறியின் பின்கதவைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணை வேறு பக்கம் திருப்புவேன்.

அந்தக் கார் பங்குனி வரை ரோட்டில் நிற்க வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

2. ரோலர் மோட்டாரில் இருந்த மஞ்சள் துண்டு

ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவில் கப்ளிங் என்று ஒன்று உண்டு. அதற்குள் முன்பெல்லாம் ரப்பர் துண்டு போடுவார்கள். ஒருநாள் ஃபெக்டரி லொறி வேலையாகப் போனபோது அந்தக் கப்ளிங்கில் ஒரு மஞ்சள் துண்டு இருப்பதைப் பார்த்தேன். ஒயில் வழிந்து ஊறிக் கிடந்தது. துடைத்தால் புதுசு மாதிரி.

"இது என்னண்ணே, மெழுகா?"

"மெழுகாம். யூரித்தேன்டா. ரப்பர் மாரி ஒரு ஜாதி, ஆனா கெட்டி. ரெண்டு வருஷமாச்சு, ஒரு நூல் தேயல" என்றார் மாணிக்கம் அண்ணன்.

கொழும்பிலிருந்து உருளைக் கம்பியாக வரும், அதை லேத்தில் கடைந்து எடுப்போம் என்றார். மிச்சம் ஒன்றரை அடி இருந்தது. இதில் புஷ் கடைந்தால் என்ன? கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா, தோட்டத்துத் துரை கேட்டா நான் என்ன சொல்றது? டிஸ்பென்சர் ஐயா காருக்குக் கப்ளிங் போட்டேன்னா?"

"ரோசலினுக்கு ஏழு மாசம்ணே."

ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் அவரே போய்க் கேட்டு அனுமதி வாங்கினார்.

அந்தச் சாமானைக் கடைவது லேசான வேலை இல்லை. இரும்பு மாதிரி நினைத்து டூலை அழுத்தினால் வளைந்து விலகும், டூலை எடுத்தால் திரும்பி வரும். சூடேறினால் இழுவையாகி ஒட்டும். தை மாதப் பனியில் எங்கள் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். கம்பியை ராத்திரி அந்தப் புல்லில் போட்டுவிட்டு, விடிந்ததும் விறைத்த நிலையில் எடுத்து, சவர பிளேட் மாதிரித் தீட்டிய டூலால் கடைந்தோம். நன்றாக வந்தது. பனியினால் வந்ததா, தீட்டியதனால் வந்ததா என்று சத்தியமாகத் தெரியாது. இரண்டையும் விடாமல் செய்தேன்.

அளவுக்கு, காரிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய ரப்பரைக் கலிப்பர் வைத்து அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் ஒரே அளவு. அதனால் நிம்மதியாக இருந்தேன்.

3. அந்த ஞாயிற்றுக்கிழமை

காரை ஜாக்கியில் ஏற்றி, மரக்கட்டை கொடுத்து, டோர்ஷன் பாரின் முறுக்கைப் பதமாக இறக்கினேன். அது முன்சக்கரத்துக்கு ஸ்ப்ரிங் வேலை செய்யும் நீள இரும்பு. அவசரப்பட்டு விட்டால் கையை உடைக்கும். லோவர் ஆர்மைப் பிரித்தேன். மஞ்சள் புஷ்ஷை எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, ஆர்மின் கண்ணில், அது உட்காரும் துளையில் வைத்தேன்.

போகவில்லை.

கிளாம்ப் மாட்டி அழுத்தினேன். பிதுங்கிக்கொண்டு நின்றது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. எட்டும் பெரிசு.

"என்ன அந்தோனி, சத்தத்தைக் காணேல்லை?" என்றார் ஐயா மேலேயிருந்து.

"கொஞ்சம் இறுக்கமா இருக்குங்க ஐயா."

மாணிக்கம் அண்ணன் குனிந்து பார்த்தார். "எதடா அளந்த?"

"பழைய ரப்பர."

"கொண்டா அத."

அவர் ரப்பரை வாங்கினார். விரலால் அழுத்தினார். மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டுவாயைக் கைலேஞ்சித் துணியில் ஒற்றிக் காட்டினார். கைலேஞ்சியில் கறுப்பாக எண்ணெய் வட்டம்.

"இது எண்ணெய் குடிச்சு ஊதிப்போன ரப்பர்டா. ஊதினத அளந்து நீ கடஞ்சிருக்க. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, மெதுவா ஊதி, கூழாப் போகும். இவ்வளவு எண்ணெய் எங்கேருந்து வந்திச்சு? எஞ்சின் கசியுதா?"

"எஞ்சின் கசியுறல்ல" என்றார் ரசாக் நானா.

நான் காருக்கு அடியிலேயே கிடந்தேன். எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் மழை, மூடுபனி, ஈரம். காரின் அடிப்பகுதி துருப்பிடிக்கும். அதற்காக மாதம் ஒரு தடவை அடியைக் கழுவி, பழைய எஞ்சின் ஒயிலில் மண்ணெண்ணெய் கலந்து அடிப்போம். எல்லாக் கராஜிலும் செய்வதுதான். சேஸிக்கும் ஸ்ப்ரிங் பட்டைக்கும் அடித்தால் போதும். ஐயாவின் காருக்கு நான் அப்படி விடவில்லை. ரப்பர் காய்ந்து வெடித்துவிடுமோ, சத்தம் போடுமோ என்ற பயத்தில் ஒயில் கேனை எடுத்து ஒவ்வொரு புஷ்மேலும் நாலு சொட்டு, ஐந்து சொட்டு தனியாக விடுவேன். வேறு எந்தக் காருக்கும் அந்தக் கவனம் எடுத்ததில்லை. அதனால்தான் வேறு எந்தக் காரிலும் ரப்பர் சாகவில்லை.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜாமான் சரியில்லை என்ற கதை ஏற்கெனவே தயாராக இருந்தது. ஆனால் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் எத்தனை தடவை திரும்பி வந்து பார்ப்பது? ஊர்ந்து வெளியே வந்தேன்.

"நான்தான் ஐயா. மாசா மாசம் ரப்பர் மேல ஒயில் ஊத்துனேன். நல்லதுன்னு நெனச்சு ஊத்துனேன்."

ரசாக் நானா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "அடே, ஸ்ப்ரிங்குக்கு அடின்னு செல்லித்தானே தந்தேன்! ரப்பருக்கு யாரு அடிக்கச் சென்னது? ரெண்டு செட்டுக்கு அந்தக் கடைக்காரன எத்தன வார்த்த ஏசினேன் நான்!"

"யாரும் சொல்லல முதலாளி. நானாத்தான்."

ஐயா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். 

"மருந்தும் அப்பிடித்தான்" என்றார் பிறகு. "ஒரு கரண்டி எண்டு குடுத்தா, கெதியாச் சுகம் வரட்டுமெண்டு போத்தலோட குடிக்கிற ஆக்கள் இருக்கினம். உன்னை ஏசி என்ன செய்யிறது. மாணிக்கம், இன்னும் சாமான் கிடக்கோ?"

"இன்னொரு செட்டுக்குச் சரியா வரும்ங்க. ஒண்ணு பிழைச்சாலும் பத்தாது."

"அப்ப இன்னொருக்காச் செய்யட்டும். இதுதான் கடைசி. இதும் சரிவராட்டி அடுத்த மாசம் காரை வித்துப்போடுவன், அந்தோனி. உன்ரை மனிசிக்காக எண்டாலும் ஆடுற காரிலை நான் ஏத்த மாட்டன்."

4. இரும்பை அளந்த கதை

அந்தக் கிழமையின் ஏழு ராத்திரியும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நான் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. ஆனால் செய்ய வேண்டியது என்ன என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. ரப்பரை அளக்கக் கூடாது. ரப்பர் உட்காரும் இரும்பைத்தான் அளக்க வேண்டும். கண்ணின் உள் அளவு, அதற்குள் போகும் பின்னின் அளவு, இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம். பழுதான இரண்டு பெரிய புஷ்ஷை எடுத்து அவற்றைக் குறைத்துக் கடைந்து, முதலில் போட்டுப் பார்த்தேன். கைவிரல் பலத்தில் முக்கால்வாசி போய், மிச்சம் வைஸில் வைத்து இறுக்கியதும் போனது. அதைத்தான் அளவாக வைத்துக்கொண்டேன்; போட்டுப் போட்டுக் கழற்றியதில் அந்த இரண்டும் கிழிந்துபோயின. அதன் பிறகுதான் புதுக் கம்பியைத் தொட்டேன்.

ஏழாவது புஷ் கடையும்போது டூல் கொஞ்சம் கடித்துவிட்டது. ஓரத்தில் ஒரு வெட்டு. மாணிக்கம் அண்ணன் லேத்தை நிறுத்தினார். மிச்சக் கம்பி ஒரு புஷ்ஷுக்குத்தான் காணும்.

"என்னடா செய்வோம்?"

"எட்டாவத மொதல்ல கடைவோம்ணே. அது சரியா வந்தா, மிச்சத்துக்கு அந்தப் பழுதான பெரிய புஷ் ஒண்ண எடுத்துக் குறைப்போம். ஆறு மீதி இருக்குதானே."

அவர் சிரித்துவிட்டார். "இத மொதல்லேயே செஞ்சிருந்தா கம்பியே வேணாமேடா!"

உண்மைதான். பெரிதாகப் போன எட்டையும் குறைத்தே எட்டு எடுத்திருக்கலாம். பயத்தில் இருப்பவனுக்கு முன்னால் கிடப்பது தெரியாது. பெரிய ஒன்றைக் குறைத்துப் போட்டோம். இரண்டாவது ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு எட்டும் ஏறின. நட்டை இறுக்கினேன். மறுபடியும் இறுக்கினேன்.

5. கோழிக்குஞ்சு

கார் ஆடவில்லை. பிரேக்குக்கு நேராக நின்றது. ஐந்தாம் நாள் சத்தம் போட ஆரம்பித்தது.

"கீச்" என்றுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு கீச். கொழுந்து மலையில் பெண்கள் சிரித்தார்களாம், "ஐயா காருக்குள்ள கோழிக்குஞ்சு வளக்குறாரு" என்று. ரோசலின்தான் வந்து சொன்னாள், அவளுக்கும் சிரிப்பு.

காரணம் தெரிந்தது. சவர்க்காரத் தண்ணீர் காய்ந்துவிட்டது. ரப்பர் இரும்பைப் பிடித்துக்கொண்டு தனக்குள்ளே முறுகும். யூரித்தேன் அப்படி இல்லை, இரும்புக்குமேல் வழுக்கித் திரும்பும். அதற்குக் கிரீஸ் வேண்டும் என்றார் மாணிக்கம் அண்ணன். எனக்கோ கிரீஸ் டின்னைப் பார்க்கவே பயம். எண்ணெய் ஊற்றித்தானே எல்லாம் நாசமானது?

"கப்ளிங் ஒயில்ல கெடந்தத நீயே கண்ணால பாத்தியேடா" என்றார்.

பார்த்தேன். ஆனாலும் நான் பார்த்ததை நானே நம்பாத ஆள். மூன்று பால்மா டின் எடுத்தேன். ஒன்றில் பழைய ஒயில், ஒன்றில் கிரீஸ், ஒன்றில் மண்ணெண்ணெய். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் துண்டும் ஒரு மஞ்சள் துண்டும் போட்டு, காம்பராவில் அடுப்புக்கு எட்டாத தட்டில் வைத்தேன். தினமும் வேலை விட்டு வந்து எடுத்துத் துடைத்து அளந்தேன்.

"என்னங்க, ஊறுகா போடுறீங்களா?" என்றாள் ரோசலின். "ஊறுனதும் எனக்கும் ஒரு துண்டு வைங்க, புள்ளத்தாச்சி வாய்க்கு நல்லா இருக்கும்."

இரண்டு கிழமை. ரப்பர் துண்டு ஒயிலில் வீங்கியது, மண்ணெண்ணெயில் இன்னும் மோசம். மஞ்சள் துண்டு கிரீஸிலும் ஒயிலிலும் போட்ட அளவிலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் காரைத் திரும்பப் பிரித்து, எட்டுப் புஷ்ஷையும் எடுத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவிப் போட்டேன். அதுவரை இரண்டு கிழமையும் ஐயா அந்தக் கீச் சத்தத்தோடுதான் ஓடினார். ஒருநாள் மட்டும், "குஞ்சு வளந்து முட்டையிடுமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார்.

6. பத்து மணி

பங்குனியில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, மொரிஸ் மைனர் கராஜ் வாசலில் ஹோர்ன் அடித்தது. பின் சீட்டில் ரோசலின், பக்கத்தில் தோட்டத்து மருத்துவிச்சி. நான் கையைத் துடைக்காமலே முன் சீட்டில் ஏறினேன்.

அன்றைக்கு மூடுபனி, நல்ல தூறல். நான் ரோட்டைப் பார்க்கவில்லை. காலடியில் சக்கரம் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாங்க" என்றாள் ரோசலின் பின்னாலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு. "நோவு எனக்கு, சக்கரத்துக்கு இல்ல. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். அவள் கையைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து வளைவில் பஸ் ஒன்று நடு ரோட்டில் வந்தது. ஐயா பிரேக்கை முழுக்க மிதித்தார். போன வருடம் அந்தக் கார் இதே மாதிரி மிதித்தபோது ஒரு பக்கமாக இழுத்து ரோட்டோர வடிகால் கானுக்குள் சக்கரத்தை விட்டிருந்தது. அன்றைக்கு நேராக நின்றது. கோடு கீறின மாதிரி நின்றது. பஸ் எங்கள் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது.

ஐயா கியரைப் போட்டார். மருத்துவிச்சிதான் பஸ்காரனுக்குச் சிங்களத்தில் நாலு வார்த்தை கொடுத்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பெண் பிள்ளை. ஆறு றாத்தல் எடை. வார்ட்டுக்கு வெளியே நின்ற என்னிடம் நர்ஸ் வந்து சொன்னபோது, நான் அழவில்லை. கீழே இறங்கிப் போய்க் காருக்கு அடியில் குனிந்து எட்டுப் புஷ்ஷையும் பார்த்தேன். பிறகு அங்கேயே, ஆஸ்பத்திரி முற்றத்து ஈரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

7. வேலை பழகுகிறவர்களுக்கு

என்னிடம் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வேன். பழுதான சாமானை அளந்து புதுச் சாமான் செய்யாதே, அது உட்காரும் இடத்தை அள. அடுத்தது, பயம் நல்லதுதான், ஆனால் பயத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றாதே. எந்தச் சாமான் எதைத் தாங்கும் என்று ஒரு டின்னில் போட்டுப் பார்த்துவிட்டு ஊற்று. அந்த எட்டுப் புஷ்ஷும் ஐயா அந்தத் தோட்டத்தில் இருந்தவரை மாற்றப்படவில்லை.

நான் நாசமாக்கிய இரண்டு செட் ரப்பருக்கும் ஐயா தன் காசைத்தான் கொடுத்திருந்தார். செட் நூற்றுப் பத்து ரூபா. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த மாதமே முதல் இருபத்தைந்து ரூபாவோடு மருந்துச்சாலைக்குப் போனேன். வேண்டாம் என்றார், பிள்ளைக்குப் பால்மா வாங்கு என்றார். நான் போகாமல் நின்றேன். கடைசியில், "சரி, உனக்கு நித்திரை வரவேணுமெண்டாத் தா" என்று வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். மாதம் தவறாமல் ஆறு தடவை கொடுத்தேன். ஏழாவது மாதம் நான் போவதற்கு முன்னால் அவருக்கு மாற்றல் வந்து, குடும்பத்தோடு போய்விட்டார். காரையும் ஓட்டிக்கொண்டு போனார். புது விலாசம் என்று தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் எழுதித் தந்த இடத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

இன்னும் கொடுக்க வேண்டியது எழுபது ரூபா.